வைக்கோல் குழம்பில் செல்லுலேஸ் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நெல் வைக்கோலை நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 160 டிகிரி செல்சியஸில் முன்பதப்படுத்தியிருக்கிறீர்கள். கிடைத்த திடப்பகுதியைப் பிழிந்து, நன்றாகக் கழுவி, செல்லுலேஸ் நொதியைச் சேர்த்தால் 72 மணி நேரத்தில் செல்லுலோஸின் பெரும்பகுதி குளுக்கோஸாகிவிடுகிறது. கழுவாமல் முழுக் குழம்பையும் எடுத்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து, அதே அளவு நொதியைச் சேர்த்தால் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஃபர்ஃபுரால்தான் காரணமா, நொதியை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

ஃபர்ஃபுரால் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரட்டிப்பாக்கும் கேள்விக்கான பதில் எந்தப் பொருள் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஃபர்ஃபுராலின் மீது ஏன் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். அமிலமும் வெப்பமும் சேரும்போது ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சைலோஸ் வருகிறது. அந்தச் சைலோஸ் நீரை இழந்து ஃபர்ஃபுராலாகிறது. குளுக்கோஸ் அதே பாதையில் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுராலாகி, அதுவும் சிதைந்து லெவுலினிக் அமிலத்தையும் ஃபார்மிக் அமிலத்தையும் தருகிறது. வைக்கோலின் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியான, சைலோஸ் அலகுகள் கோத்த சைலானில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகள் கழன்று அசிட்டிக் அமிலம் சேர்கிறது. இவை எல்லாம் ஈஸ்டைப் படுத்துகிற பொருள்கள். எத்தனால் தயாரிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் "தடுப்பான்கள்" என்று ஒரே அட்டவணை போட்டு இவற்றை முதல் வரிசையில் வைப்பது வழக்கம். யாரைத் தடுக்கிறது என்ற கேள்வி அந்த அட்டவணையிலேயே தொலைந்துவிடுகிறது. உயிருள்ள செல்லுக்குச் சவ்வு உண்டு, வளர்சிதைமாற்றம் உண்டு. ஃபர்ஃபுரால் அங்கே பல இடங்களில் கைவைக்கும். கரைசலில் மிதக்கும் செல்லுலேஸ் வெறும் புரதம். வழக்கமான குழம்புகளில் காணப்படும் அளவில் ஃபர்ஃபுரால் அதை நேரடியாகப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஆனால் ஒரு தொடர்பு இருக்கிறது. முன்பதப்படுத்தல் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவு ஃபர்ஃபுரால் கூடும். தாவரச் செல் சுவரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினிலிருந்து கழன்று வரும் பீனால் சேர்மங்களும் கூடவே கூடும். ஃபர்ஃபுரால் ஏற ஏற விளைச்சல் இறங்குகிறது என்று ஒரு வரைபடம் போட்டால் அது அழகாகவே வரும். குற்றவாளிக்குப் பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு அந்த வரைபடம் போதும்.

லிக்னினையும் இப்போதே ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். திடப்பகுதியில் தங்கிவிடும் லிக்னினின் மேற்பரப்பில் நொதி வீணாக ஒட்டிக்கொள்கிறது. நீரை வெறுக்கும் பரப்புகள் ஒன்றையொன்று நாடுவதுதான் இதற்கு முக்கியமான காரணம். செல்லுலோஸைப் பற்றிக்கொள்ள நொதிக்கு இருக்கும் பிணைப்புப் பகுதியே லிக்னினிலும் போய் மாட்டிக்கொள்கிறது. சிக்கல் உண்மையானது, பெரியதும்கூட. ஆனால் நீங்கள் கழுவிய திடப்பகுதியிலும் அதே லிக்னின் இருந்தது; அங்கே நொதி நன்றாகவே வேலை செய்தது. ஆகவே உங்கள் இரு சோதனைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை அதனால் விளக்க முடியாது. விளக்கம் நீங்கள் கழுவி ஊற்றிய திரவத்தில் இருக்கிறது.

அந்தத் திரவத்தில் நொதிக்கு எதிரிகளாக இரண்டு கூட்டங்கள் உண்டு: சர்க்கரைகள், பீனால்கள். சர்க்கரையை எதிரி என்று சொல்வது விந்தையாக இருக்கலாம். ஒரு சிறு கணக்கு போட்டால் புரியும்.

வைக்கோலில் 20 சதவீதம் சைலான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீதத் திடப்பொருளுடன் ஒரு கிலோ குழம்பு தயாரித்தால் அதில் வைக்கோல் 200 கிராம், சைலான் 40 கிராம், தண்ணீர் 800 கிராம். சைலான் முழுவதும் கரைந்தால், நீரேற்றத்தையும் சேர்த்து 45 கிராம் சர்க்கரை வரும். அதாவது லிட்டருக்கு 55 கிராமுக்கு மேல். இதையே 2 சதவீதத் திடப்பொருளுடன் செய்தால் லிட்டருக்கு 5 கிராம்கூட வராது. ஆய்வகத்தில் நீர்த்த குழம்பில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாமல் போவது இதனால்தான். ஆலையில் அப்படி நீர்த்து வேலை செய்ய முடியாது. வடித்தெடுப்பது கட்டுப்படியாக வேண்டுமென்றால் எத்தனால் குறைந்தது 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு. அதற்குச் சர்க்கரை சுமார் 8 சதவீதம் வேண்டும். அந்த அளவுச் சர்க்கரை வர, திடப்பொருள் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இப்படித் திடப்பொருளைக் கூட்டக் கூட்ட விளைச்சல் இறங்கிக்கொண்டே போவது பலரும் கண்ட அனுபவம். 2009இல் டென்மார்க்கில் கிறிஸ்டென்சன், ஃபெல்பி, யோர்கென்சன் மூவரும் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். செல்லுலோஸின் மேல் நொதி ஒட்டுவதே தடைபடுவதுதான் முதன்மைக் காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

இப்போது நொதியின் உள்ளே போவோம். சந்தையில் கிடைக்கும் செல்லுலேஸ் கலவைகளில் பெரும்பாலானவை டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து வருகின்றன. அது வெளியிடும் புரதத்தில் பாதி அளவுக்குச் செல்லோபயோஹைட்ரோலேஸ் என்ற ஒரே நொதி. ஆய்வாளர்கள் அதைச் செல்7ஏ என்று குறிப்பிடுவார்கள். அதன் வேலைசெய்யும் பகுதி சுமார் 5 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு குகை. செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு முனை அந்தக் குகைக்குள் நுழைகிறது. இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டுப்பட்டு, செல்லோபயோஸாக மறுமுனையில் வெளியேறுகிறது. செல்லோபயோஸ் வெளியே போகாமல் வாசலிலேயே தங்கிவிட்டால் அடுத்த வெட்டு நடக்காது. வெளியே செல்லோபயோஸ் நிறைய இருந்தால் அது திரும்பி வந்தும் உட்காரும். அதனால்தான் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற இன்னொரு நொதி உடனுக்குடன் செல்லோபயோஸை இரண்டு குளுக்கோஸாகப் பிளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ரீசி பூஞ்சை இந்த இரண்டாவது நொதியைக் கஞ்சத்தனமாகத்தான் வெளியிடும். பழைய கலவைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கோசிடேஸைத் தனியாகச் சேர்ப்பார்கள். புதிய வணிகக் கலவைகளில் இது போதுமான அளவு இருக்கும். ஆனால் பீட்டா குளுக்கோசிடேஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு: அதைக் குளுக்கோஸே தடுக்கும். இந்த வகை நொதிகள் பலவற்றில் சில மில்லிமோலார் குளுக்கோஸிலேயே தடை தெரியத் தொடங்கும். லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் என்பதே 5.5 மில்லிமோலார். உங்கள் குழம்பில் நீராற்பகுப்பு (நொதி செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் வேலை) முடியும் நிலையில் லிட்டருக்கு 80, 100 கிராம் வரை போகலாம். குளுக்கோஸ் தேங்கினால் பீட்டா குளுக்கோசிடேஸ் சுணங்கும்; அது சுணங்கினால் செல்லோபயோஸ் தேங்கும்; அது தேங்கினால் செல்7ஏ நிற்கும்.

இதுவரை சொன்னது பாடநூல்களில் இருப்பதுதான். அதிகம் பேசப்படாதது சைலோஸின் குறுஞ்சங்கிலிகள். சைலான் முழுதாக உடைந்தால் சைலோஸ். பாதியில் உடைந்தால் இரண்டு, மூன்று, ஐந்து, பத்து சைலோஸ் அலகுகள் கோத்த துண்டுகள் கரைசலில் மிதக்கும். குளுக்கோஸிலிருந்து ஒரு கார்பன் முனையை நறுக்கிவிட்டால் சைலோஸ் ஆகிறது. செல்லுலோஸில் குளுக்கோஸ் எந்தப் பிணைப்பில் கோக்கப்பட்டிருக்கிறதோ அதே பீட்டா 1,4 பிணைப்பில்தான் சைலானிலும் அலகுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இந்தத் துண்டுகள் செல்7ஏயின் குகைக்குள் தாராளமாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2015இல் படிக அமைப்பு ஆய்வின் மூலம் இந்தத் துண்டுகள் உள்ளே இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2010இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் சார்லஸ் வைமன் குழுவினர் சைலோஸ், சைலான், சைலோஸ் குறுஞ்சங்கிலி மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குறுஞ்சங்கிலிகளே மிக வலுவாகத் தடுத்தன. எல்லோரும் அறிந்த தடுப்பான்களான குளுக்கோஸையும் செல்லோபயோஸையும்விடக் கூட அவை வலுவானவை என்பது அந்தக் குழுவின் முடிவு. பின்னர் அதே குழு மன்னான் வகைச் சர்க்கரைச் சங்கிலிகளும் இப்படியே தடுக்கின்றன என்று காட்டியது. ஊசியிலை மரம், காப்பிக் கழிவு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வைக்கோலுக்கு மன்னான் கவலை இல்லை.

எந்த முன்பதப்படுத்தலில் இந்தக் குறுஞ்சங்கிலிகள் அதிகம் வரும்? வெந்நீரிலும் நீராவி வெடிப்பிலும் (உயர் அழுத்த நீராவியில் வைத்து, அழுத்தத்தைத் திடீரென்று விடுவிப்பது) மிக அதிகம். அங்கே வெளியிலிருந்து அமிலம் சேர்ப்பதில்லை. கழன்று வரும் அசிட்டிக் அமிலம் மட்டுமே வேலை செய்வதால் சைலான் பாதி உடைந்த நிலையிலேயே கரைகிறது. நீர்த்த அமிலத்தில் பெரும்பகுதி தனிச் சைலோஸாகிவிடும் என்றாலும், அமிலம் குறைவாகவோ நேரம் குறைவாகவோ இருந்தால் கணிசமான துண்டுகள் மிஞ்சும். காரம் கொண்டு பதப்படுத்துபவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதுண்டு. காரத்தில் லிக்னின் போய்விடும், ஆனால் சைலானில் பெரும்பகுதி திடப்பொருளிலேயே தங்கும். பிறகு கலவையில் இருக்கும் சைலனேஸ் அதை வெட்டும்போது குறுஞ்சங்கிலிகள் நீராற்பகுப்புக் கலனுக்குள்ளேயே உருவாகும். எவ்வளவு கழுவினாலும் இதைத் தவிர்க்க முடியாது.

அடுத்தது பீனால்கள். வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் ஃபெரூலிக் அமிலமும் பாரா கூமாரிக் அமிலமும் அதிகம். புல்லினத் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது. ஃபெரூலிக் அமிலம் சைலானையும் லிக்னினையும் கோத்து வைத்திருக்கும். பதப்படுத்தும்போது இந்தக் கோவை அறுந்து இரண்டு அமிலங்களும் கரைசலுக்கு வருகின்றன. லிக்னின் உடைவதால் வனிலின், சிரிங்கால்டிஹைடு போன்றவை சேர்கின்றன. மரப்பட்டை கலந்த மூலப்பொருள் என்றால் டானின் வந்துவிடும். இந்தக் கூட்டத்திலேயே மிகப் பொல்லாதது அதுதான்.

இதற்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தென்பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப் போயின. அதை ஆராயப் போய்த்தான் சாலமன் தீவுகளிலிருந்து இன்றைய ரீசி பூஞ்சையின் மூதாதை கிடைத்தது. பூஞ்சையின் பெயரே எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் நினைவாக வைக்கப்பட்டது. அவரும் மேரி மேண்டல்ஸும் மாசசூசெட்ஸின் நேட்டிக்கில் இருந்த ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றினார்கள். செல்லுலேஸைத் தடுக்கும் பொருள்களைப் பற்றி 1965இல் தாவர நோயியல் ஆய்விதழ் ஒன்றில் இருவரும் ஒரு நீண்ட தொகுப்புரை எழுதினார்கள். பருத்தியைக் காக்க வேண்டும் என்ற நோக்கில் தொடங்கிய துறையில் தடுப்பான் என்பது தேடிப் போக வேண்டிய நல்ல பொருள். தாவரங்களின் டானின்களும் பீனால்களும் அந்தத் தேடலில் முன்வரிசையில் நின்றன. பூஞ்சை தாக்கும்போது தாவரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதங்களில் அவையும் சேர்த்தி. இன்று அதே பூஞ்சையின் நொதியை வைத்துத் தாவரத்தை உடைக்கப் பார்க்கிறோம்; அந்த ஆயுதம் நம் மேல் திரும்புகிறது.

டானின் புரதத்தோடு பல இடங்களில் ஒரே சமயத்தில் பிணைந்து அதைத் திரளவைத்துப் படியவைத்துவிடும். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடும்போது தோலின் புரதத்துக்கு நேர்வது எதுவோ அதுதான் நொதிக்கும் நேர்கிறது. வனிலின் போன்ற சிறிய பீனால்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அவற்றில் சில நொதியைத் தற்காலிகமாகத் தடுக்கும், சில நேரம் செல்லச் செல்லச் செயலிழக்கச் செய்யும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாடிஷ், எடுவார்டோ சிமெனெஸ், யங்மி கிம் ஆகியோர் 2010, 2011 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். நொதியைப் பீனாலோடு சேர்த்தவுடன் அளந்தால் தெரிவது தடுத்தல். சில மணி நேரம் ஊறவைத்துவிட்டு அளக்கும்போது கூடுதலாகத் தெரியும் இழப்பு செயலிழத்தல். முதலாவதில் கரைசலை நீர்த்தால் நொதி மீண்டுவிடும், இரண்டாவதில் மீளாது. பீட்டா குளுக்கோசிடேஸைப் பொறுத்தவரை ரீசியிலிருந்து வருவது பீனால்களிடம் எளிதில் மாட்டிக்கொள்கிறது, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து வருவது தாக்குப்பிடிக்கிறது என்பதும் அங்கே தெரிந்தது. நொதிப் புரதத்தின் அளவுக்கு எத்தனை மடங்கு பீனால் இருக்கிறது என்ற விகிதத்தைக் கொண்டு பேசியது அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். இதன் பயன் கடைசியில் தெரியும்.

ஆக, உங்கள் குழம்பில் யார் குற்றவாளி? வேதியியல் பகுப்பாய்வு அட்டவணையைப் பார்த்து ஊகிக்காதீர்கள். சேர்த்தும் நீக்கியும் பாருங்கள்.

முதலில் ஓர் அற்பமான காரணத்தைக் களைந்துவிடுங்கள். பதப்படுத்திய திரவத்தில் அமிலம் அதிகம். தொடக்கத்தில் பி.எச். 5 என்று வைத்தாலும், திடப்பொருளின் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் மெல்லக் கசிந்து சில மணி நேரத்தில் 4.3க்கு இறங்கிவிடலாம். 6 மணி, 24 மணி நேரங்களில் மீண்டும் அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் பீனாலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பிறகு, கழுவிய திடப்பொருளை எடுத்து மூன்று குடுவைகளில் வையுங்கள். ஒன்றில் பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் மட்டும். இரண்டாவதில் உங்கள் திரவத்தில் இருக்கும் அளவுக்கே தூய குளுக்கோஸும் சைலோஸும். மூன்றாவதில் அசல் திரவம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு இறங்கினால் தனிச் சர்க்கரைதான் காரணம், மேலே தேட வேண்டாம். மூன்றாவது இன்னும் கீழே போனால் மீதி வித்தியாசம் குறுஞ்சங்கிலிகளுக்கும் பீனால்களுக்கும் சேர்ந்தது. ஃபர்ஃபுரால் மேல் இன்னமும் சந்தேகம் இருந்தால், நீங்கள் அளந்த அளவு தூய ஃபர்ஃபுராலை நான்காவது குடுவையில் சேருங்கள். அந்த வாதம் அன்றே முடிந்துவிடும். வேறொரு வழியும் உண்டு. திரவத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கினால் ஃபர்ஃபுரால் நீராவியோடு போய்விடும்; பழைய கன அளவுக்குத் தண்ணீர் சேர்த்துத் திரும்பவும் சோதியுங்கள். பீனால்களிலும் சர்க்கரையிலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

குறுஞ்சங்கிலியையும் பீனாலையும் பிரிப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை. குறுஞ்சங்கிலியின் அளவை அறிய, திரவத்தில் கந்தக அமிலத்தை 4 சதவீதமாக்கி, 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து முழுவதையும் தனிச் சர்க்கரையாக்கி அளக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான் குறுஞ்சங்கிலி. பீனாலை நீக்கிப் பார்க்கச் செயலூட்டிய கரியைப் பயன்படுத்துவார்கள். கரி ஃபர்ஃபுராலையும் உறிஞ்சும், நீண்ட குறுஞ்சங்கிலிகளில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும். எனவே கரிக்குப் பிறகு விளைச்சல் ஏறினால் "பீனால்தான்" என்று உடனே எழுதிவிடக் கூடாது. பீர் ஆலைகளில் பாலிபீனாலை நீக்கப் பயன்படும் பிவிபிபி என்ற கரையாத பலபடி இன்னும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும். கிடைத்தால் அதையும் முயலுங்கள். மறுபக்கத்திலிருந்து, குறுஞ்சங்கிலிகளைத் தனிச் சைலோஸாக வெட்டும் பீட்டா சைலோசிடேஸ் நிறைந்த ஹெமிசெல்லுலேஸ் கலவையைக் கொஞ்சம் கூடுதலாகச் சேருங்கள். அதில் விளைச்சல் ஏறினால் குறுஞ்சங்கிலி மேல் உள்ள சந்தேகம் உறுதியாகும்.

அளவிடும் முறையிலும் பொறிகள் உண்டு. டிஎன்எஸ் முறையில் ஒடுக்கும் சர்க்கரை எல்லாமே நிறம் காட்டும். திரவத்தில் ஏற்கெனவே சைலோஸ் குவிந்திருக்கும்போது குளுக்கோஸின் சிறு ஏற்றம் அதில் தெரியாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் அடிப்படையிலான மருத்துவப் பரிசோதனைப் பெட்டிகளை நம்ம ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் பயன்படுத்துகிறார்கள். அதன் நிறவினையிலேயே ஒரு பீனால் சேர்மம் பங்குபெறுகிறது. உங்கள் மாதிரியில் பீனால்கள் நிறைய இருந்தால் அளவு பிசகலாம். அதேபோல் ஃபோலின் சியோகால்ட்டோ முறையில் மொத்தப் பீனாலை அளந்தால் ஒடுக்கும் சர்க்கரையும் கொஞ்சம் சேர்ந்து படிக்கும். வசதி இருந்தால், சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், தெரிந்த அளவு குளுக்கோஸை உங்கள் திரவத்திலேயே கலந்து, கருவி அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

தீர்வுகளில் கழுவுவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆய்வகத்துக்குச் சரி. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்ட அளவு. அந்த அளவிலான ஆலை ஒன்றில் ஒரு டன்னுக்கு 10 டன் தண்ணீர் என்று கழுவினால் ஆண்டுக்கு 20 லட்சம் டன் கழிவுநீர் வரும். கரைந்திருக்கும் சைலோஸும் அதோடு போகும். ஆகவே கழுவுவதைவிட அழுத்திப் பிழிவது மேல். பிழிந்த சாற்றைத் தனியாகச் சைலோஸுக்குப் பயன்படுத்தலாம், திடப்பொருளை மட்டும் செல்லுலேஸுக்கு அனுப்பலாம்.

குளுக்கோஸ் தேங்குவதே சிக்கல் என்றால் ஈஸ்டை அதே கலனில் சேர்த்து, வர வரச் சாப்பிட விட்டுவிடுவது 1970களிலிருந்து தெரிந்த வழி. நொதிக்கு 50 டிகிரி பிடிக்கும், சாதாரண ஈஸ்டுக்கு 35ஐத் தாண்டினால் கஷ்டம். இருவருக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். இங்கேதான் ஃபர்ஃபுரால் உண்மையிலேயே தொல்லை கொடுக்கத் தொடங்கும்.

லாக்கேஸ் என்ற நொதியால் பீனால்களை ஒன்றோடொன்று கோத்துப் படியவைக்கலாம் என்று கட்டுரைகள் பல உண்டு. ஈஸ்டுக்கு அது நன்றாகவே உதவுகிறது. செல்லுலேஸுக்கு முன் அதைப் பயன்படுத்தும்போது சில சமயம் குளுக்கோஸ் விளைச்சல் குறைந்துவிடுவதும் பதிவாகியிருக்கிறது. கோத்த பீனால்கள் முன்னதைவிடப் பெரிய தொந்தரவாகிவிடலாம். உங்கள் மாதிரியில் சோதித்துப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது முன்பதப்படுத்தலை மாற்றுவது. அமிலத்துக்கு முன் 80 டிகிரியில் மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, அசிட்டைல் தொகுதிகளைக் கழற்றிக் களைந்துவிடும் முறையை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் சோளத்தட்டையில் பயன்படுத்தியது. அசிட்டிக் அமிலம் குறைகிறது. அசிட்டைல் இல்லாத சைலானை நொதிகளும் எளிதாக வெட்டுவதால் குறுஞ்சங்கிலிகள் தேங்குவதும் குறைகிறது.

இப்போது நொதியை இரட்டிப்பாக்கும் கேள்வி. குளுக்கோஸும் குறுஞ்சங்கிலியும் தடுக்கின்றன என்றால் இரட்டிப்பாக்குவதால் தொடக்க வேகம் கூடும், 72 மணி நேர விளைச்சல் கொஞ்சம்தான் ஏறும். குகைக்குள் உட்காரும் துண்டுகளின் செறிவு அப்படியே இருக்கிறது. நொதி எத்தனை வந்தாலும் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். செலவுதான் இரட்டிப்பாகும்.

பீனால் செயலிழக்கச் செய்கிறது என்றால் கதை வேறு. அங்கே பீனாலுக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம். இரட்டிப்பாக்கினால் விகிதம் பாதியாகும், விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு எகிறும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: ஓடிக்கொண்டிருக்கும் குழம்பில் 24 மணி நேரத்தில் புது நொதியைக் கொஞ்சம் சேருங்கள். வளைகோடு மீண்டும் செங்குத்தாக ஏறினால் பழைய நொதி செத்துவிட்டது என்று பொருள். ஏறாவிட்டால் நொதி உயிரோடுதான் இருக்கிறது, வாசல் அடைபட்டிருக்கிறது.

செத்துவிட்டது என்று தெரிந்தாலும் விலை உயர்ந்த செல்லுலேஸை ஏன் பலிகொடுக்க வேண்டும்? பீனாலுக்கும் லிக்னின் பரப்புக்கும் எந்தப் புரதமும் போதும். ஆய்வகத்தில் பசுவின் சீரம் ஆல்புமின் சேர்த்து இது காட்டப்பட்டுவிட்டது. விலை காரணமாக அதை ஆலைக்குக் கொண்டுபோக முடியாது. பிரேசிலில் கரும்புச் சக்கையில் சோயா புரதத்தை அதே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். டுவீன் 20, பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற வேதிப்பொருள்களும் லிக்னின் பரப்பை மூட உதவும். உங்கள் மூன்றாவது குடுவையைப் போலவே இன்னொன்று தயாரித்து, செல்லுலேஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே சோயா புரதத்தைச் சேர்த்து 50 டிகிரியில் குலுக்கி வையுங்கள். நொதியையும் சோயாவையும் ஒரே நேரத்தில் போட்டால் நொதியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம், பயன் குறையலாம். சோயாவிலிருந்து வரும் கரையும் சர்க்கரையைக் கழிக்க, சோயா மட்டும் உள்ள ஒரு வெற்றுக் குடுவையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.